இரவல் பனி

உச்சிப்பாளையத்துக்குப் பனி வந்த பிறகுதான் மாசிலாமணி வீடு திரும்பினான். அதற்கு முன்னால் அவன் போர்வெல் லாரியோடு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தான். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒரு தடவை நைஜீரியா வரைக்கும். பொங்கலுக்கு வருவான். கரிநாள் கழிவதற்குள் லாரி முதலாளியிடமிருந்து அழைப்பு வந்துவிடும். அவனும் பவளக்கொடியும் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்துக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவள் கூச்சம் தெளிவதற்குள் அவன் கிளம்பிவிடுவான்.

ஊரில் இருந்துதான் என்ன செய்வது? உச்சிப்பாளையம் மலைமேல் இருக்கும் மேட்டு நிலம். பெய்கிற மழையெல்லாம் நிற்காமல் ஓடிவிடும். எங்கெங்கோ அடுத்தவன் காட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன், தன் காட்டிலும் துளை போட்டுப் பார்த்தான். வெள்ளைப் புழுதிதான் பறந்தது.

பிறகு பனி வந்தது. விடியற்காலையில் கிழக்குச் சரிவில் ஏறி வந்து ஊரையே மூடும். மூங்கில் நட்டு நைலான் வலை கட்டினார்கள். வலையில் கோத்த துளிகள் வழிந்து, தகரத்தில் இறங்கி, தொட்டியில் விழுந்தன. சித்திரையிலும் விழுந்தன. சாமந்தி போட்டார்கள், அவரை போட்டார்கள். திருப்பூருக்குப் போனவர்கள் வந்தார்கள். லாரிக்குப் போனவர்கள் வந்தார்கள். மாசிலாமணியும் வந்தான்.

அது வானம் தானாகக் கொடுத்த பனி இல்லை. மலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் ஒரு செம்புச் சுரங்கம் இருந்தது. பாறையை மாவாக அரைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சமான சேற்றையும் தண்ணீரையும் ஒரு பெரிய மண்கரைக்குப் பின்னால் கொட்டிக் கொட்டி, ஊரைவிடப் பெரிதாக ஒரு கழிவு ஏரியை உண்டாக்கிவிட்டு, நடத்தியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சேறு அடியில் படிந்தது. தண்ணீர் மேலே நின்றது. ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் அது ஏறியது. ஆற்றில் விட முடியாது. விட்டால் கடைசி வாய்க்கால் வரைக்கும் நஞ்சு. வைத்திருக்கவும் முடியாது, கரை வெறும் மண். கரைக்கு நேர் கீழே கீழ்க்குப்பனூர் என்று ஒரு ஊர் இருந்தது.

நூற்றாண்டின் பாதியில் இப்படி அநாதையாகிவிட்ட சுரங்கங்கள் நாடெங்கும் பெருகியபோது அரசு அதற்கென்று ஒரு வாரியம் வைத்தது. வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் கருப்புப் பாய். தண்ணீரின் மேல் ஆடை மாதிரி மிதக்கும். வெயிலை உறிஞ்சிக்கொண்டு, கீழே இருக்கும் தண்ணீரில் சுத்தமானதை மட்டும் ஆவியாக மேலே விடும். உப்பும் உலோகமும் அடியிலேயே தங்கிவிடும். சாதாரண ஏரியைவிடப் பல மடங்கு வேகத்தில் தண்ணீர் குறையும். குறைந்த தண்ணீர் எங்கே போகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று அதை மலைமேல் கொண்டுபோனது. இரவுக் குளிரில் அது உச்சிப்பாளையத்துப் பனியானது.

அந்த ஏரியின் நீர்மட்டப் பொறியாளர் பவளக்கொடி. அளவுக்கு மிஞ்சின தண்ணீரைக் குறைப்பதுதான் அவள் வேலை. வாரம் முழுக்க ஏரிக்கரைக் குடியிருப்பில் இருப்பாள்; வெள்ளிக்கிழமை சாயங்காலப் பேருந்தில் மேலே போவாள். இத்தனை வயதுக்கு மேல் அவள் தன் புருஷனைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தாள். அவன் மோருக்கு உப்பை அள்ளிப் போடுவான். செருப்பு போடாமல் காட்டில் நடப்பான். தூக்கத்தில் சில சமயம் இந்தியில் பேசுவான். இதெல்லாம் மற்ற பெண்களுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துபோகிற சங்கதிகள்.

பனி பேர் வாங்கிவிட்ட பிறகு, ஏரியைச் சீக்கிரம் வற்றவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஒரு சொல் வந்தது: கொஞ்சம் மெதுவாகக் குறைக்கலாமே. பாயில் ஒரு பகுதியைச் சுருட்டி வைத்தார்கள். ஆவியாகிற அளவு மழையில் நிரம்பினால் போதும் என்று ஆனது. பவளத்துக்கும் அது கசக்கவில்லை.

அந்த வருஷம் மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. மார்கழி பிறந்த பிறகுதான் ஓய்ந்தது. ஒரு மதியம் கீழ்க்குப்பனூரிலிருந்து தெய்வானை கூப்பிட்டாள். அவள் மாசிலாமணியின் தங்கை.

“அண்ணி, மழை விட்டு ஒரு வாரமாச்சு. எங்க கொல்லையில மட்டும் தரை காயவே மாட்டேங்குது. மாட்டைக் கட்டினா குளம்பு உள்ள போவுது. இது மழைத் தண்ணியான்னு பாத்துச் சொல்றீங்களா?”

பவளம் போய்ப் பார்த்தாள். கொல்லைப்புறத்து வேலிக்கு அந்தப் பக்கம் கரையின் அடிவாரம். ஒரு நுணா மரத்தின் வேரை ஒட்டித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. விரல் பருமன்தான். அவள் அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் கலங்கியிருந்தது. டம்ளரை மதில் மேல் வைத்துவிட்டுத் தெய்வானை கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தாள். அதற்குள் அடியில் மெல்லிய சேறு படிந்துவிட்டது.

“என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?”

“நீ பசங்களைக் கூட்டிக்கிட்டுக் கொஞ்ச நாள் உன் மாமியா வீட்டுல இரு.”

“மாடு?”

“மாட்டையும் கூட்டிக்கிட்டுப் போ.”

சென்னையில் இருந்த தலைமைப் பொறியாளர் பரந்தாமனுக்கு அன்றே பேசினாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறப் போகிறவர்.

“கசியாத மண்கரை எங்கயும் கிடையாதே, பவளம்.”

“தெளிவா வந்தா நானும் கவலைப்பட மாட்டேன் சார். கலங்கலா வருது. கரை தன்னோட மண்ணையே கொஞ்சம் கொஞ்சமா வெளிய அனுப்புது. உள்ள எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு.”

“பாயை முழுசா விரிச்சா?”

“வருஷக்கணக்கா ஆகும் சார். அதுவரைக்கும் தாங்காது. பழைய குழிக்கு இறைச்சு விடணும்.”

சுரங்கம் தோண்டிய பெரும்பள்ளம் ஏரிக்கு அப்பால் ஒரு மேட்டைத் தாண்டி இருந்தது. அதில் இன்னும் தாது இருக்கிறது, யாராவது வாங்க வருவார்கள் என்று வாரியம் அதைக் காய வைத்திருந்தது. கிணறு மாதிரி ஆழமான பள்ளம். உச்சி வெயில் மட்டும்தான் அடிவரைக்கும் போகும். காற்று போகாது.

“குழிக்குப் போற தண்ணி பனியாகாது,” என்றார் பரந்தாமன்.

“தெரியும் சார்.”

“உங்க வீடு மேலதானே?”

“ஆமா சார்.”

“நான் எழுதிக் கேட்டேன்னா கமிட்டி போடுவாங்க. கமிட்டி வந்து பார்க்கிறதுக்குள்ள என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஆபத்து நேரத்துல முடிவெடுக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கு. எடுத்துட்டுச் சொல்லுங்க. உங்களுக்குப் பின்னாடி நிப்பேன்.” பிறகு, “முன்னாடி நிக்க முடியாதும்மா,” என்றார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவள் மேலே போனாள். பனி இன்னும் கலையவில்லை. நடுவாரத்தில் அவளைப் பார்த்ததும் மாசிலாமணி வலையை உதறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தலைமுடியில் பொடிப்பொடியாக நீர்.

“என்ன, லீவா?”

“இல்லீங்க. ஏரித் தண்ணியைக் குழிக்கு விடப்போறேன்.”

அவன் தண்ணீரோடு பிழைத்தவன். விளக்கம் தேவைப்படவில்லை. சாமந்திப் பாத்தியைத் தாண்டி வந்து வரப்பில் உட்கார்ந்தான்.

“கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?”

“சொல்லத்தான்.”

“எதனால?”

“தெய்வானை கொல்லையில ஊறுது. கலங்கலா.”

“கலங்கலாவா?” அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். “அப்புறம் இதுல பேசறதுக்கு என்ன இருக்குது.”

அவளும் வரப்பில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக்குள் மஞ்சள் எட்டிப் பார்க்கிற பதத்தில் மொட்டுகள் நின்றன. பிறகு அவன் கேட்டான்.

“பவளம், இந்த ஒரு பறிப்பு பறிச்சுக்கலாமா? பொங்கலுக்கு வந்துரும். அதுக்கப்புறம் விட்டுக்கயேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் தன்னிடம் எதையும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. கேட்கிற அளவுக்குக் கூட இருந்ததில்லை. சரி என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கரை பொங்கல் வரைக்கும் நிற்கலாம். நிற்கத்தான் நிற்கும் என்றுகூட ஒரு கணம் நம்பினாள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பூவைப் பற்றியா அவள் யோசித்தாள்? பூ பறித்து முடியும் வரை இவன் இங்கேயே இருப்பானே என்றுதான் யோசித்தாள்.

“இல்லீங்க. முடியாது.”

“சரி.”

“கோவமா?”

“உம்மேல எனக்கென்ன கோவம்.” அவன் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். “வந்தவ சாப்பிட்டுட்டுப் போ. பழையதுதான் இருக்கு.”

அன்று பிற்பகல் மேட்டின் மேல் குழாய் போட்டு இறைக்கத் தொடங்கினார்கள். மிதவை மேல் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று போட்ட உடனே புகைந்து நின்றுவிட்டது. பல வருஷமாகத் தொடாமல் கிடந்தது, அவசரத்துக்கு உதவவில்லை. இன்னொன்று இறைத்த தண்ணீர், அத்தனை பெரிய ஏரியில் கையால் அள்ளிக் கொட்டியது போல இருந்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சேதி கேட்டு உச்சிப்பாளையத்திலிருந்து வேன் வேனாக ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஊராட்சித் தலைவர் நஞ்சப்பன் குழாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அம்மிணி, வாழ வந்த ஊரையே காய வைக்கறீங்க.”

“அண்ணா, மண்ணு தண்ணி குடிச்சா சேறு. சேறு எத்தனை நாளைக்குச் சுவரா நிக்கும்?”

“இத்தனை வருஷம் நின்னுதே.”

“நின்னுது. அதனாலதான் உள்ள ஊறியிருக்கு.”

“எங்க பசங்க இப்பத்தான் ஊட்டுக்கு வந்து சோறு திங்கறாங்க,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போது குரல் உடைந்தது.

கீழ்க்குப்பனூர் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள். ஒரு பந்தியில் உட்கார்ந்து தின்றவர்கள். தெய்வானை மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நஞ்சப்பன் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, உங்களுக்குப் பூ பூக்கணும்னா நாங்க அந்தக் கரைக்கடியில படுத்துத் தூங்கணுமா?”

“அப்படிச் சொல்லல, புள்ள.”

“வேற எப்படிங்கண்ணா?”

அவர் குழாயை விட்டு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பவில்லை. ஒற்றைப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை கொல்லையில் ஊற்று மணிக்கட்டுப் பருமன் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். பவளம் கீழ்க்குப்பனூரைக் காலி செய்யச் சொன்னாள். மாற்றுப் பம்புக்கு யார் யாரிடமோ பேசினாள். எல்லாரும் பொங்கல் கழித்து அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் நண்பகலில் கரைப் பாதையில் ஒரு போர்வெல் லாரி ஏறி வந்தது. பின்னாலேயே இன்னொரு லாரி, கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு. முதல் லாரியின் கதவைத் திறந்து மாசிலாமணி இறங்கினான். காக்கி டவுசரும் பழைய ஹெல்மெட்டும் போட்டிருந்தான். அந்த உடுப்பில் அவனைப் பவளம் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

“ஆழமான இடம் எது?” என்றான்.

“மேட்டை ஒட்டித்தான்.”

“நல்லது. அகலக் குழாயைத் தண்ணிக்குள்ள இறக்கி, அடியில காத்தடிச்சா தண்ணி தானா மேல ஏறும். மேட்டைத் தாண்டினா போதுமில்ல?”

நஞ்சப்பன் எழுந்து வந்தார். “மாசி, நீயுமா?”

“அண்ணா, ஓரமா நில்லுங்க. ஓஸ் பைப்பு உதறும்.”

கம்ப்ரசர் உறுமியது. குழாய்கள் நடுங்கின. பிறகு சாம்பல் நிறத் தண்ணீர் திமுதிமுவென்று மேட்டைத் தாண்டிக் குழிக்குள் விழுந்தது. எதிர்ப்பதற்கென்று வந்த உச்சிப்பாளையத்து இளவட்டங்களில் பாதிப் பேர் லாரியில் வேலை பார்த்தவர்கள். குழாய் கோணியதும் ஒருவன் தன்னையறியாமல் ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள்.

“லாரி எப்படிக் கெடைச்சுது?” என்று பவளம் அவன் காதருகே போய்க் கேட்டாள்.

“முதலாளிகிட்டக் கேட்டேன். குடுத்தாரு.”

பொங்கலன்று புயல் கரை கடந்தது. அதற்குள் ஏரி ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மழை ஏரியை மறுபடி நனைத்ததே தவிர நிரப்பவில்லை. தண்ணீர் கரையை விட்டு விலகி உள்ளே போய்விட்டது. மழை விட்டபின் கரையின் உட்புறத்தில், இதுவரை தண்ணீருக்கு அடியில் இருந்த இடத்தில், ஒரு துவாரம் தெரிந்தது. எருமை ஒன்று தாராளமாக நுழையலாம். இரண்டு ஊர்க்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கல்லை விட்டெறிந்தால் விழும் சத்தம் தாமதமாகக் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு நஞ்சப்பன் மட்டும் தயங்கி நின்றார்.

“அம்மிணி, இந்தப் பொந்தை அடைச்சுப்போட்டு மறுபடியும் தண்ணி நிரப்ப வழியிருக்குதுங்களா?”

முதலில் அவள் கேலி என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

“இல்லீங்கண்ணா.”

“சும்மா கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவர் வேனை நோக்கி நடந்தார்.

தை பாதி போவதற்குள் பனி மெலிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேலே போய், சனிக்கிழமை விடியலில் அவள் கண் விழித்தபோது ஜன்னலில் நேராக வெயில் அடித்தது. வெளியே வந்து பார்த்தாள். கிழக்குச் சரிவு அடிவாரம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. வெகு தூரத்தில் வற்றிய ஏரி சாம்பல் திட்டாகக் கிடந்தது. தெருவில் போன பெண்கள் அவளிடம் பேசவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. துக்க வீட்டைக் கடப்பது போலக் கடந்தார்கள்.

உள்ளே மாசிலாமணி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“எப்போ கெளம்பறீங்க?”

“லாரி கெளம்பறப்போ. செவ்வாக்கெழமை.”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. “கேட்டேன், குடுத்தாருன்னீங்களே.”

“கேட்டேன். டிரில்லர் இல்லாம வண்டி ஷெட்டுல நிக்குதுன்னாரு. நீ சீசனுக்கு வர்றேன்னா இன்னைக்கே வண்டியை எடுத்துக்கன்னாரு.” அவன் ஒரு சட்டையை உதறி மடித்தான். “பனி இல்லைன்னா எப்படியும் போகத்தானே வேணும். அதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லி வச்சேன். அவ்வளவுதான்.”

“அந்தப் பறிப்பைக் கேட்டீங்களே...”

“அதை விடு. ஆசைதான், வேறென்ன.”

அவள் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து, அவன் மடித்ததைக் கலைத்து, தன் வழக்கப்படி மடித்து மறுபடி வைத்தாள். அவன் தடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருவரும் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை.

பங்குனியில் பரந்தாமன் கூப்பிட்டார். அது அவர் வேலையில் இருந்த கடைசி வாரம்.

“பவளம், தண்ணி இல்லாத ஏரிக்கு நீர்மட்டப் பொறியாளர் எதுக்குன்னு கேக்கறாங்க. உங்க இடத்தை எடுத்துட்டாங்க. வேற ஏரி தர்றோம்னு சொல்லியிருக்காங்க. எல்லாம் தொலைவு. யாரும் போக மாட்டேன்னு சொன்ன இடங்க. ராஜஸ்தான்ல ஒண்ணு, ஒடிசாவுல ஒண்ணு, ஜார்க்கண்ட்ல ஒண்ணு. வேண்டாம்னா சென்னையில ஏதாவது மேசை வேலைக்குச் சொல்லிப் பார்க்கட்டுமா?”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். இந்த வேலை போகும் என்பது அவள் கணக்கிலேயே இருந்ததில்லை. ஏரியைக் காலி செய்தால் என்னென்ன போகும் என்று பலவற்றை எண்ணிப் பார்த்தவள், இதை மட்டும் எண்ணவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, லாரி ஏறுவதற்கு முன்னால், நீயும் வாயேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். அப்போதுதான் வாரியத்தில் வேலை கிடைத்திருந்தது. இந்த ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. தூரத்தில் இருப்பது அவன்தான் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வறண்ட ஏரியைப் பார்த்தபடி கரைமேல் நின்று அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தான். காது கிழியும்படி கம்ப்ரசர் இரைந்தது.

“இப்போ எங்க இருக்கீங்க?” என்று கத்தினாள்.

“ராஞ்சி தாண்டி. சாப்பிட்டியா?”

“அங்க எத்தனை நாளைக்கு?”

“மழை புடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம்தான். அதுக்கப்புறம் எங்கயோ. ஏன்?”

“அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்குதாம். ரொம்ப நெறைஞ்சு கெடக்குதாம்.”

“என்னது?”

“ஆள் வேணுமாம்.”

அந்தப் பக்கம் அவன் யாரையோ அதட்டுவது கேட்டது. இரைச்சல் படிப்படியாகத் தணிந்து, முழுவதும் நின்றது. ஏதோ ஒரு பறவை கூவியது. அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“மெஷினை நிறுத்தியாச்சு,” என்றான் மாசிலாமணி. “இன்னொரு தடவை சொல்லு.”